பயன்பாட்டில் உள்ளது

கடைசி வரிசையில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டது.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். முப்பது கம்ப்யூட்டர்கள் ஒரே அறையில் முழுவேகத்தில் ஓடும்போது எழுகிற இரைச்சலில் ஒன்று குறைந்தால் என்ன தெரியப்போகிறது? ஆனால் அவள் காலையிலிருந்து அந்த இரைச்சலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை, பெட்டிகளுக்குள் வெந்துகொண்டிருக்கிற பழைய தூசியின் வாசனை, மேஜைக்கடியில் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போகிற வெதுவெதுப்பான காற்று, இவற்றோடு அந்தச் சத்தமும் சேர்ந்து அவள் உடம்புக்குள் இறங்கியிருந்தது. தூங்கும் பிள்ளையின் மூச்சில் ஓர் இழை மாறினாலும் விழித்துக்கொள்கிற காது அவளுக்கு. வீட்டில் ராத்திரி அதற்கு அதுதான் வேலை. அதே காதுதான் இங்கேயும் நிமிர்ந்தது.

தன் மேஜைத் திரையில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். முப்பது வரிகள். எல்லாவற்றிலும் ‘ஓடுகிறது’ என்று பச்சை எழுத்து. ஒன்றில் மட்டும் மஞ்சள்: ‘நிறுத்தம். கம்ப்யூட்டர் பயன்பாட்டில் உள்ளது.’

“யாரு பயன்படுத்துறா? உங்க தாத்தாவா?” என்று திரையிடம் கேட்டுவிட்டு எழுந்தாள்.

அது ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையம். இரண்டாவது மாடி. விடுமுறைக்காகக் கீழே கடைகளெல்லாம் சாத்தியிருந்தார்கள், படிக்கட்டில் ஈ காக்கை இல்லை. பல வருஷமாக அங்கே சொல்லிக்கொடுக்கிறாள். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவள் ‘மிஸ்’. காய்கறி வாங்கப் போனாலும் மிஸ், பஸ்ஸில் இடித்துக்கொண்டு நின்றாலும் மிஸ். வீட்டில் கணவனுக்குக் கோபம் வந்தால் அவனும் “சரிங்க மிஸ்” என்பான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவன், அவனுக்கு அதற்கு மேல் கோபப்படத் தெரியாது.

கடைசி வரிசையில், ஜன்னல் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி கொஞ்சம் வெளியே இழுபட்டிருந்தது. வகுப்பு முடிந்ததும் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். தள்ளாமல் போகிறவனை வாசல்வரை போனாலும் திருப்பிக் கூப்பிடுவாள். எவனோ ஒரு சோம்பேறி விடுமுறை அவசரத்தில் தப்பித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, நாற்காலியைத் தள்ளினாள். மௌஸைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். பளபளப்பான மேஜையில் மௌஸின் அடியிலுள்ள வெளிச்சம் சில சமயம் தடுமாறும், யாரும் தொடாமலே தொட்டதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். இது அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த வைத்தியம்தான்.

பிறகு காத்திருக்க வேண்டும். மூன்று நிமிஷம் யாரும் தொடாமலிருந்தால்தான் கணக்கு மறுபடி ஓடும். மையத்தின் முதலாளி அந்த நிபந்தனையோடுதான் சம்மதித்திருந்தார். “பசங்க வந்து கை வெச்சா உடனே நின்னுடணும் மிஸ். அப்படின்னா பண்ணிக்கோங்க.” நெட்வொர்க் பார்க்கிற தம்பி அப்படியே செய்து, யாரும் மாற்ற முடியாதபடி அதற்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

அவள் தன் மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்து மூன்று நிமிஷத்தை எண்ணி முடித்ததும் கடைசி வரிசையில் அந்த ஃபேன் மெல்ல முனகி, வேகம் பிடித்தது. வரி பச்சையானது. அவளுக்கு மூச்சு வந்தது.

அவ்வளவு பதற்றப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லலாம். கம்ப்யூட்டர் சும்மா இருக்கிற நேரத்தை ஆராய்ச்சிக்குத் தானமாகக் கொடுக்கிற ஏற்பாடு இது. எங்கோ ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, விருப்பப்பட்டவர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கெடு. கெடு தாண்டினால் அந்தத் துண்டு வேறு ஆளுக்குப் போகும், அவ்வளவுதான், எவர் வீட்டுக் கூரையும் இடிந்து விழாது.

ஆனால் இந்தக் கணக்கு அவளுடைய மகள் சிட்டுவின் நோயைப் பற்றியது. ஒன்பது வயதுப் பிள்ளை. முதலில் கால் போனது, அப்புறம் கை, போன வருஷத்திலிருந்து கழுத்தும் நிற்பதில்லை. நாலு பக்கமும் தலையணை கொடுத்தால் உட்காருவாள். லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோய்க்கு மருந்து தேட எந்தக் கம்பெனிக்கும் பொறுமையில்லை. தூர தேசத்தில் ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா மட்டும் தன் கல்லூரியின் ஒரு மூலையில் இருந்துகொண்டு, ஊர் உலகத்தாரின் கம்ப்யூட்டர்களை இரவல் வாங்கித் தேடிக்கொண்டிருந்தாள். கடைசித் தொகுதியின் கெடு நாளைக் காலை எட்டு மணி. அதற்குள் கணக்கு வந்து சேர்ந்த மருந்துகள்தான் சோதனைக்குப் போகும், மற்றவை அடுத்த வருஷம். சிட்டுவின் டாக்டர் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி நாளாகிறது.

அந்தக் கடைசித் தொகுதியில் மிச்சமிருந்த துண்டுகளை எல்லாம் அவளே அள்ளிக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவனை நம்பி விடுவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. அவன் பாதியில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சினிமாவுக்குப் போய்விட்டால்? இங்கே முப்பது கம்ப்யூட்டர், பூட்டின அறை, விடுமுறை. இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்றுதான் நினைத்தாள். இப்போது அவள் தவறவிட்டால் வேறு யாருக்கும் கொடுத்து வாங்க நேரமில்லை.

ஜன்னல்களில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மங்கலான கண்ணாடி பதித்த ஜன்னல்கள், வெளியே எதுவும் தெரியாது. தெருவிளக்கு எரிந்ததும் கண்ணாடி மஞ்சளாக ஊறியது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதையும் தொடக்கூடாது, தொட்டால் நின்றுவிடும். நடக்கலாம். நடந்தாள். வரிசைகளுக்கு நடுவில், பரீட்சைக்குக் கண்காணிப்பாளராக இருக்கும்போது நடப்பதுபோல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள்.

கணவன் போன் செய்தான்.

“சாப்டியா?”

“பிஸ்கட் இருக்கு. சிட்டு சாப்டாளா?”

“கொஞ்சம். ரெண்டு தடவ புரை ஏறிடுச்சு. இப்ப பரவால்ல. உன்னத்தான் கேக்குறா, இரு, காதுல வைக்கிறேன்.”

சிட்டுவின் மூச்சு முதலில் வந்தது. பேசுவதற்கு முன்னால் அவளுக்கு அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

“அம்மா... எத்தன பாக்கி?”

“முப்பதும் கடைசிக் கட்டத்துல இருக்குடா செல்லம்.”

“நான் தூங்கி... எந்திரிக்கறதுக்குள்ள முடிஞ்சிடுமா?”

“முடிஞ்சிடும்.”

“பொய் சொல்லாத.”

“அம்மா எப்பவாவது பொய் சொல்லிருக்கேனா?”

நிறையச் சொல்லியிருக்கிறாள். ஊசி வலிக்காது என்பதில் தொடங்கி, அடுத்த மாசம் சைக்கிள் வாங்கலாம் என்பதுவரை. சிட்டுவுக்கும் அது தெரியும், அதனால்தான் மெதுவாகச் சிரித்தாள். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. அதனால் கடைசி வரிசை மறுபடி அடங்கியதை அவள் உடனே கவனிக்கவில்லை.

இந்தத் தடவை இரண்டு. ஜன்னலோரமும் அதற்குப் பக்கத்ததும். பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு மஞ்சள்.

நடந்து போனாள். இரண்டு நாற்காலிகளும் வெளியே இழுபட்டிருந்தன. அவள் கவிழ்த்து வைத்த மௌஸ் நேராக இருந்தது.

கவிழ்த்தோமா? கவிழ்த்ததாக நினைத்துக்கொண்டோமா? காலையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை, நேற்று இரவு சரியான தூக்கமில்லை. மனசு எதையாவது சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்தது. அவள் மௌஸைக் கையில் எடுத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. பக்கத்தில் இருந்த மௌஸைத் தொட்டாள். அதுவும். பெட்டியின் சூடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, மூன்றாவதை, ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரின் மௌஸை, நகர்த்தாமல் விரல்நுனியால் மட்டும் தொட்டுப் பார்த்தாள். அது ஜில்லென்று இருந்தது.

பிறகு, தொடவேண்டும் என்று நினைக்காமலே, நாற்காலியின் இருக்கையில் கையை வைத்தாள். யாரோ ரொம்ப நேரம் உட்கார்ந்து இப்போதுதான் எழுந்துபோன சூடு.

கையை உதறிக்கொண்டாள். குனிந்து, இரண்டு கம்ப்யூட்டர்களின் பின்பக்கமும் கையை விட்டு, மௌஸ், கீபோர்டு இரண்டின் ஒயர்களையும் பிடுங்கினாள். இனிமேல் பேய் வந்தாலும் தட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, தன் வார்த்தையைத் தானே கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். மேஜைக்குத் திரும்பினாள். கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று நிமிஷம் போனது. ஐந்து போனது.

‘நிறுத்தம். கம்ப்யூட்டர் பயன்பாட்டில் உள்ளது.’

நெட்வொர்க் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் எங்கேயோ கல்யாண வீட்டில் இருந்தான், பின்னால் ஒரே சத்தம்.

“மௌஸ் கீபோர்டு ரெண்டையும் கழட்டிட்டீங்களா? அப்ப எப்படி மிஸ் காட்டும்? சான்ஸே இல்ல.”

“காட்டுதுப்பா. நான் பொய்யா சொல்றேன்?”

“யாராவது உக்காந்து தொட்டாத்தான் மிஸ் அப்படி வரும். பசங்க யாராவது உள்ள இருக்காங்களா பாருங்க.” அவன் தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்தான்.

“அந்த ரூலையே எடுத்துடு தம்பி. பாஸ்வேர்ட சொல்லு.”

“அது என் ஆபீஸ் சிஸ்டத்துலதான் இருக்கு. நாளைக்கு மத்தியானம் வந்து நானே பண்ணித் தரேன், சரியா?”

நாளை மத்தியானம். சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

ஜன்னலோரத்துத் துண்டு பாதிகூட முடியாமல் கிடந்தது. அதை அங்கேயே விட்டால் விடிய விடியக் கிடக்கும். அவள் யோசித்தாள். அதன் நகல் ஒன்றை வேறு கம்ப்யூட்டருக்கும் அனுப்பலாம், எது முந்தி முடித்தாலும் கணக்கில் சேரும். வீட்டில் சிட்டுவுக்குப் பாடம் கேட்க வாங்கிய லேப்டாப் இருக்கிறது. புதியது, இந்தக் கிழட்டுப் பெட்டிகளைவிட இரண்டு மடங்கு வேகம். இப்போது ஆரம்பித்தால் காலைக்குள் முடித்துவிடும். ஏன் இது முன்னாலேயே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தாள்.

“என்னங்க, சிட்டு ரூம்ல இருக்குற லேப்டாப்ப ஆன் பண்ணுங்க. நான் சொல்றபடி செய்யுங்க.”

அவன் அவள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே செய்தான். பெயர், எண், பட்டன். அவள் இங்கே நகலை அனுப்பினாள், அங்கே அவன் அழுத்தினான். பட்டியலின் அடியில் புதிதாக ஒரு வரி முளைத்தது. முப்பத்தொன்று. ‘ஓடுகிறது.’

“அத அவ கட்டில் பக்கத்து ஸ்டூல்ல வெச்சிட்டு நீங்க ஹாலுக்கு வந்துடுங்க. யாரும் தொடக்கூடாது. தொட்டா நின்னுடும்.”

“அவ எங்க தொடப்போறா,” என்றான் அவன். சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு இருவருக்கும் வலித்தது. “சிட்டு தூங்கிட்டா. நானும் ஹால்லயே படுத்துக்கிறேன். நீ பத்திரமா இரு.”

போனை வைத்ததும் அது உடனே அடித்தது. கீழே இருந்து வாட்ச்மேன்.

“மிஸ், கேட் பூட்டணும். எப்ப இறங்குவீங்க?”

“நான் ராத்திரி இங்கதான் இருப்பேன். முதலாளி சொல்லலயா?”

“உங்களச் சொன்னாரு. பசங்களும் இருப்பாங்களா?”

“எந்தப் பசங்க?”

“கிளாஸ் பசங்க. இங்கேருந்து ஜன்னல்ல தெரியுதே மிஸ். வரிசையா தலை நிழலா தெரியுது.” அவன் எண்ணுவது முணுமுணுப்பாகக் கேட்டது. “நெறையப் பேரு. லீவுலயும் கிளாஸ் வெச்சா பாவம் மிஸ், அவங்களும் வீட்டுக்குப் போகணும்ல.”

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை. “அனுப்பிடறேன்,” என்று மட்டும் சொன்னாள். குரல் யாருடையதோபோல வந்தது.

கடைசி வரிசை முழுக்க அடங்கியது.

ஒவ்வொன்றாக. ஜன்னல் பக்கமிருந்து சுவர்ப் பக்கமாக. ஒரு ஃபேன் இறங்கி முனகும், நிற்கும். அப்புறம் அடுத்தது. வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் ஒவ்வொருவராக இடம் பிடித்து உட்காருகிற அதே இடைவெளியில். நாற்காலிக் கால் தரையில் உரசுகிற சத்தம் இப்போது கேட்டது. அந்த இரைச்சல் இத்தனை நேரம் எதை மூடி வைத்திருந்தது என்று அவளுக்கு விளங்கியது.

ஓடிவிடலாம். கதவு அவளுக்குப் பின்னால்தான். பை நாற்காலியில் தொங்குகிறது. பையைக்கூட எடுக்க வேண்டாம். படியில் இறங்கி, வாட்ச்மேன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, விடியட்டும் என்று இருக்கலாம். அவள் எழுந்தும் விட்டாள். ஆனால் இன்னும் இருபதுக்கு மேல் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நின்றுபோனவற்றை யாராவது நடத்த வேண்டும். சிட்டுவிடம் முடிஞ்சிடும் என்று சொல்லியிருக்கிறாள்.

மின்சாரம் மிச்சம் என்று திரைகளையெல்லாம் அணைத்து வைத்திருந்தாள். இப்போது கடைசி வரிசைக்குப் போய் அவற்றில் ஒன்றைப் போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. திரை விழித்தது. நடுவில் மௌஸின் அம்புக்குறி. அசைந்தது. இடது பக்கம் கொஞ்சம், திடீரென்று மூலைக்கு, மறுபடி நடுவுக்கு. கை நடுக்கத்தோடு, எவ்வளவு தள்ளினால் எவ்வளவு போகும் என்று தெரியாமல், தயங்கித் தயங்கி. அவளுக்கு அந்த அசைவு தெரியும். முதல் நாள் வகுப்பில் முதல்முறை மௌஸைப் பிடிக்கிற எந்தப் பிள்ளையும் இப்படித்தான் நகர்த்தும். எத்தனை நூறு பேரைப் பார்த்திருக்கிறாள்.

மேஜையில் மௌஸ் அசையாமல் கிடந்தது.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு எதிலோ இடித்தது. நாற்காலி. வெளியே இழுபட்டிருந்தது. இந்த வரிசையும்.

மூன்றாவது வரிசை. இரண்டாவது. அடங்கியது. அடங்கியது. முதல் வரிசையில் ஒரே ஒரு ஃபேன் கொஞ்ச நேரம் தனியாக ஓடியது. அதுவும் நின்றபோது அவள் தன் மேஜைக்கே திரும்பியிருந்தாள்.

நிசப்தம். சூடான பிளாஸ்டிக்கின் வாசனைக்குள் வேறு ஒன்று இருந்தது. ஈரத் தலைமுடி. வியர்வை. ஆட்கள் நிறைந்த அறையின் வாசனை. பட்டியலில் முப்பது மஞ்சள். அடியில் ஒரே ஒரு பச்சை.

எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். யாருமில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள்.

எந்த வகுப்பின் முன்னாலும் அவள் இப்படி வாயடைத்து நின்றதில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பேசினாள். அதட்டத்தான் நினைத்தாள். கெஞ்சலாகத்தான் வந்தது.

“யாரா இருந்தாலும் சரி. தயவு செஞ்சு எந்திரிங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. சிட்டுன்னு பேரு. அவளால கை காலு அசைக்க முடியாது. இது அவளுக்காக. விடியறதுக்குள்ள இதெல்லாம் ஓடி முடியணும். முடியலன்னா அவ... அவ அங்க தனியா படுத்திருக்கா. பக்கத்துல ஒரு லேப்டாப் ஓடுது, அது ஒண்ணுதான் இப்ப ஓடுது. உங்கள கையெடுத்துக் கும்பிடறேன். இத விட்டுடுங்க.”

கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

இன்னொன்று. தரையில் உரசல். இன்னொன்று. அவள் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தருகே காற்று அசைந்தது. யாரோ கடந்து போனார்கள். இன்னும் யாரோ. அவள் சேலைத் தலைப்பு லேசாக இழுபட்டு விடுபட்டது. கதவு திறக்கவில்லை, மூடவுமில்லை. ஆனால் படிக்கட்டுப் பக்கம் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

கடைசி வரிசையில் ஒரு ஃபேன் முனகியது. வேகம் பிடித்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒயர் பிடுங்கிய பெட்டியும் விழித்துக்கொண்டது. ஒரு வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. இரைச்சல் எழுந்து அறையை நிரப்பியது. அவள் கண்ணைத் திறந்தாள். நாற்காலிகள் முப்பதும் மேஜைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளப்பட்டிருந்தன.

பட்டியல் பச்சையாகிக்கொண்டே வந்தது. அவள் நாற்காலியில் விழுந்து அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். போய்விட்டார்கள். கேட்டதும் போய்விட்டார்கள். யாராக இருந்தாலும் நல்லவர்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு இறங்கினாள். ஓடுகிறது. ஓடுகிறது. ஓடுகிறது. விரல் அடிக்கு வந்தது.

முப்பத்தொன்று. மஞ்சள்.

‘நிறுத்தம். கம்ப்யூட்டர் பயன்பாட்டில் உள்ளது.’

கணவன் போனை எடுக்க நேரமாயிற்று.

“லேப்டாப்பத் தொட்டீங்களா?”

“நான் ஹால்ல படுத்திருக்கேன். நீதான உள்ள போகாதன்னு சொன்ன?” தூக்கக் குரல்.

“போய்ப் பாருங்க.”

“இப்பத்தான் தூங்குனா, கதவத் தெறந்தா—”

“போங்கன்னா போங்க!”

அவன் எழுந்தான். செருப்பில்லாத காலடி. கதவின் கீல். போனைக் காதில் அழுத்தி அழுத்திக் காது வலித்தது.

“ஐயோ,” என்றான் அவன். பயந்த குரலில்லை. அழுகையும் சிரிப்புமாக உடைந்தது. “ஐயோ, உக்காந்திருக்காம்மா. உன் பொண்ணு உக்காந்திருக்கா! தலகாணி இல்ல, ஒண்ணும் இல்ல. நேரா உக்காந்து லேப்டாப்ப மடியில வெச்சிருக்கா. ரெண்டு கையாலயும் டைப் அடிக்கிறா. கேக்குதா? இரு, கிட்ட போறேன். கேக்குதா?”

கேட்டது. டக், டக், டக்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எப்படி வந்தால் என்ன. யாரால் வந்தால் என்ன. பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள்.

“சிட்டு,” என்று அவன் கூப்பிடுவது கேட்டது. “சிட்டும்மா. அப்பாவப் பாரு. இங்க பாருடா.”

டக், டக், டக், டக்.

“சிட்டு?”

அவன் குரல் கீழே இறங்கியது.

“தல நிக்கல,” என்றான். “தல மார்ல தொங்குது. கண்ணு மூடித்தான் இருக்கு. கை மட்டும்... கை மட்டும்தான் அடிக்குது.”

“மூச்சு?” என்றாள் அவள். “மூச்சு வருதா? மூக்குல கை வெச்சுப் பாருங்க. என்னங்க? மூச்சு வருதா?”

டக், டக், டக்.

அவளைச் சுற்றி முப்பது கம்ப்யூட்டர்களும் முழுவேகத்தில் ஓடின. பட்டியலில் முதல் வரி ‘முடிந்தது’ என்று மாறியது. கெடுவுக்கு வெகுநேரம் முன்பே. அடுத்த வரியும் மாறியது.

“என்னங்க?”

போனில் அவன் இல்லை. தட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. அது வேகம் பிடித்தது. பரவியது. ஒரு ஜோடிக் கை அவ்வளவு வேகமாக அடிக்க முடியாது, பத்து ஜோடிக் கையும் முடியாது. ஓர் அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து, இப்போதுதான் பழகிய ஆசையில், ஒருவரும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.